பரணில் இருந்த காஸெட்டுகள்

போகிக்கு இரண்டு நாள் முன்னால், வழக்கம்போல் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தோம். என் கணவர் பரணிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கித் தர, வேண்டியது ஒரு பக்கம், வேண்டாதது ஒரு பக்கம் என்று நான் பிரித்துக்கொண்டிருந்தேன். ஓட்டை வாளி, கைப்பிடி போன குக்கர், பையனின் பழைய பள்ளிக்கூடப் பை எல்லாம் வேண்டாத பக்கம் போயின. கடைசியில் நூல் கட்டிய ஒரு செருப்புப் பெட்டி வந்தது.

"பழைய வீடியோ காஸெட். இதைப் போட்டுப் பார்க்க இனிமே எங்கே போறது? அதையும் அந்தப் பக்கம் போட்டுடு" என்றார் அவர்.

நூலை அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே ஒன்பது காஸெட்டுகள். ஆறு, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியவை. மற்ற மூன்றும் பாட்டுக் காஸெட் அளவு இருந்தன. அந்த மூன்றில் ஒன்றின் மேல் என் அண்ணன் கையெழுத்தில், 'ஊர் - பொங்கல் 1998 - அம்மா' என்று எழுதியிருந்தது.

என் அம்மா 2007-ஆம் வருஷம் தவறிப்போனார்கள். வீட்டில் அவர்களுடைய போட்டோ நான்கு இருக்கின்றன. குரல் எதிலும் இல்லை. என் பெண் பிறந்தது 2009-இல். "பாட்டி எப்படிம்மா பேசுவாங்க?" என்று அவள் சின்ன வயதில் கேட்டபோது, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முகத்தைச் சொல்லலாம், கைப்பக்குவத்தைச் சொல்லலாம், குரலை எப்படிச் சொல்வது?

"இந்தப் பெட்டியை மட்டும் தொடாதீங்க" என்று சொல்லி, பூஜை அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டேன். அதிலிருந்து மூன்று மாதம் நான் பட்ட பாட்டையும் கற்ற பாடத்தையும்தான் இங்கே எழுதுகிறேன். இப்படி ஒரு பெட்டி உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கக்கூடும்.

ஏன் இத்தனை அவசரம்?

டேப் என்பது மெல்லிய பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் காந்தத் துகள்களைப் பசைபோட்டு ஒட்டியிருக்கிறார்கள். வருஷம் ஆக ஆகப் பசை தளரும், காந்தப் பதிவும் மங்கும். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சையும் பிடிக்கும். இது ஒரு கவலை என்றால், அதைவிடப் பெரிய கவலை, போட்டுப் பார்க்க மெஷின் இல்லாமல் போவது. வீடியோ டெக் தயாரித்துவந்த கடைசிக் கம்பெனி என்று சொல்லப்பட்ட ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலிக் காப்பகம், 2025-க்குள் கம்ப்யூட்டருக்கு மாற்றப்படாத டேப்களில் பெரும்பாலானவை போனது போனதுதான் என்று 2015-லேயே எச்சரித்தது. 2019-இல் யுனெஸ்கோவும் இதே கவலையோடு ஒரு திட்டம் ஆரம்பித்தது. அவர்கள் கெடு வைத்த வருஷமும் வந்தே விட்டது. பெரிய காப்பகங்களுக்கே இந்தக் கதி என்றால், நம் செருப்புப் பெட்டி எந்த மூலைக்கு?

'கடையில் கொடுத்தால் செய்து தரமாட்டார்களா?' என்று கேட்பீர்கள். 2008-இல் ஒரு ஸ்டூடியோவில் ஒரு காஸெட்டைக் கொடுத்து டி.வி.டி.யாகப் போட்டு வாங்கினோம். போன வருஷம் எடுத்துப் போட்டால் டி.வி.டி. சுற்றுகிறது, படம் வரவில்லை. நல்லவேளை, காஸெட்டை எறியாமல் வைத்திருந்தேன். அதனால் இந்தத் தடவை வீட்டிலேயே செய்து பார்ப்பது என்று தீர்மானித்தேன். நான் பிளஸ் டூ வரை படித்தவள். கரண்ட் பில் கட்டுவது, பெண்ணின் பிராஜெக்டை அச்செடுப்பது, இவ்வளவுதான் கம்ப்யூட்டரில் எனக்குத் தெரியும். என்னால் முடிந்தது என்றால் யாராலும் முடியும்.

எந்தக் காஸெட்டுக்கு எந்த வழி?

முதலில் கையில் இருப்பது என்ன ஜாதிக் காஸெட் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

சின்னவை ஆறும் 'மினி டிவி' வகை. 1995-இல் வந்தது இது. 2002-இல் என் கொழுந்தனார் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த காமிராவில் எடுத்தவை. இதில் படம் எண்களாகவே பதிவாகியிருக்கிறது. அதனால் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது தரம் கொஞ்சமும் குறைவதில்லை. ஒரு டப்பா அரிசியை இன்னொரு டப்பாவில் கொட்டுவது மாதிரி, சிந்தாமல் கொட்டினால் ஒரு மணிகூடக் குறையாது.

பெரியவை மூன்றும் 'வீடியோ 8'. எட்டு மில்லிமீட்டர் டேப். 1985-இல் வந்த வகை. குவைத்தில் வேலை பார்த்த அண்ணன் வாங்கிவந்த காமிராவில் எடுத்தது. இதில் இருப்பது பழைய அனலாக் பதிவு. கம்ப்யூட்டருக்கு வரும் வழியில்தான் அது எண்களாக மாறவேண்டும். இது காப்பிக்கு டிகாஷன் இறக்குவது போல. எவ்வளவு பக்குவமாக இறக்கினாலும் மணத்தில் கொஞ்சம் வழியில் போய்விடும். ஆகையால் கருவியும் கவனமும் இதற்குத்தான் அதிகம் வேண்டும்.

கல்யாண வீடியோவாகப் பலர் வீட்டில் இருக்கும் பெரிய வி.எச்.எஸ். காஸெட்டும் இந்த இரண்டாவது ஜாதிதான். அதற்கு வேலை செய்யும் வீடியோ டெக் ஒன்று வேண்டும்.

முந்நூறு ரூபாய்ப் பாடம்

கொழுந்தனார் கொடுத்த காமிரா பீரோவில் பத்திரமாக இருந்தது. பேட்டரி செத்துப்போயிருந்தது. ஆனால் கரண்டில் சொருகும் அடாப்டர் இருந்ததால் காமிராவுக்கு உயிர் வந்தது. மாற்றும் வேலைக்கு எப்படியும் அடாப்டர்தான் நல்லது. பாதியில் பேட்டரி தீர்ந்தால் எல்லாம் பாழ்.

காமிராவின் பக்கவாட்டில் யு.எஸ்.பி. துளை ஒன்று இருந்தது. 'இவ்வளவுதானே!' என்று செல்போன் ஒயர் மாதிரி ஒன்றைச் சொருகினேன். போட்டோக்கள் மட்டும் வந்தன. வீடியோ வரவில்லை. சென்னையில் வேலையாக இருக்கும் என் பையனுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அந்தத் துளை போட்டோவுக்குத்தான். வீடியோவுக்குப் பக்கத்துல சின்னதா 'ஐ லிங்க்'னு எழுதியிருக்கும் பாரு, அதுல ஒயர் போடணும்" என்றான்.

அதற்குப் பொதுப்பெயர் ஃபயர்வயர். அந்தக் காலத்து டிஜிட்டல் காமிராக்களில் வீடியோவை அப்படியே வெளியே அனுப்பும் வாசல் அதுதான். ஆனால் இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் அந்த வாசல் கிடையாது. கடையில் கேட்டேன். ஒரு முனை ஃபயர்வயர், மறுமுனை யு.எஸ்.பி. உள்ள ஒயர் ஒன்றை 300 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். கொண்டுவந்து சொருகினால், கம்ப்யூட்டர் காமிராவைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒயர்மேல் சந்தேகப்பட்டு மாற்றி வாங்கினேன், அதுவும் அப்படியே.

பிறகுதான் விஷயம் புரிந்தது. ஃபயர்வயரும் யு.எஸ்.பி.யும் இரண்டு வேறு பாஷைகள். வெறும் கம்பியை ஒட்டுப் போட்டுவிட்டால் பாஷை மாறிவிடுமா? சகோதரிகளே, இந்த ஒயரை வாங்கி ஏமாறாதீர்கள். வீட்டில் மேஜைக் கம்ப்யூட்டர் இருந்தால், அதன் வயிற்றுக்குள் பொருத்தும் ஃபயர்வயர் கார்டு என்று ஒன்று இருக்கிறது. பையன் சென்னை ரிச்சி தெருவில் அலைந்து ஒன்று வாங்கிவந்து, லீவில் வந்தபோது மாட்டிக்கொடுத்தான். விண்டோஸில் சில கார்டுகளுக்கு 'லெகஸி' என்று பெயருள்ள பழைய டிரைவரை மாற்றிப் போட்டால்தான் காமிரா ஒழுங்காகத் தெரியும். எங்களுக்கும் அதைச் செய்த பிறகுதான் திரையில் காமிராவின் பெயர் வந்தது.

இன்னொரு எச்சரிக்கை. ஒயரைச் சொருகும்போதும் எடுக்கும்போதும் காமிராவை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஒயரைத் திருப்பி வைத்துப் பலவந்தமாக அழுத்தவும் கூடாது. அந்தச் சின்னத் துளை போய்விட்டால் இன்றைக்கு ரிப்பேர் செய்துதர ஆள் கிடைப்பது கஷ்டம்.

முதல் டேப்

பெண்ணுக்கு ஒரே ஆத்திரம். "பாட்டி டேப்பை முதல்ல போடும்மா" என்று பிடுங்கினாள். எனக்கும் ஆசைதான். ஆனால் புது இட்லிப் பானையில் விருந்தாளிக்கு முதல் ஈடு வைப்போமா? கை பழகட்டும் என்று, போனாலும் பரவாயில்லை என்ற டேப்பாக, கொடைக்கானல் உல்லாசப் பயணத்தை எடுத்தேன்.

செய்யும் முறை சுலபம்தான். காஸெட்டின் ஓரத்தில் ஒரு குட்டித் தாழ்ப்பாள் இருக்கிறது. அதை முதலில் 'சேவ்' பக்கம் தள்ளிவிட வேண்டும். அப்புறம் தவறுதலாகச் சிவப்புப் பட்டனை அமுக்கினாலும் பழைய படத்தின்மேல் புதிது பதியாது. காமிராவை 'பிளே' அல்லது 'வி.சி.ஆர்.' என்ற நிலையில் வைக்கவேண்டும். வருஷக்கணக்காகச் சுற்றாமல் கிடந்த டேப் ஆதலால், ஒரு தடவை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி ஆரம்பத்துக்குக் கொண்டுவந்தேன். நாடா சீராக இறுகி உட்கார இது உதவும்.

கம்ப்யூட்டரில் 'வின்டிவி' என்று ஒரு சின்ன புரோகிராம். காசு கிடையாது. அதில் 'கேப்சர்' என்பதை அமுக்கி, காமிராவில் பிளே அமுக்கினால் ஓட ஆரம்பித்துவிடும். ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரமே ஆகும். வேகமாக முடிக்க வழி இல்லை. அடுப்பில் பால் வைத்தவள்போல் பக்கத்தில் இருக்கத்தான் வேண்டும். நான் மத்தியானம் சாப்பாட்டுக் கடை முடிந்து, இரண்டிலிருந்து மூன்று மணிவரை என்று வைத்துக்கொண்டேன். கீரை ஆய்ந்துகொண்டே ஒரு கண்ணைத் திரையில் வைத்திருப்பேன்.

பத்தொன்பதாவது நிமிஷம்

ஒரு மணி நேரத்து மினி டிவி டேப்புக்குச் சுமார் 13 ஜி.பி. இடம் வேண்டும். என்னிடம் 32 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று இருந்தது. கணக்குச் சரியாக இருக்கிறதே என்று நேராக அதிலேயே பதியச் சொன்னேன். பத்தொன்பது நிமிஷம் ஓடியது. நின்றுவிட்டது. திரும்ப ஆரம்பித்தேன். மறுபடியும் சரியாகப் பத்தொன்பதில் நின்றது. டேப்பில்தான் கோளாறு என்று பயந்துபோனேன்.

டேப்பில் கோளாறு இல்லை. பென் டிரைவ்களுக்கு உள்ளே பாத்தி கட்டும் முறை சில உண்டு. என்னுடையதில் இருந்தது 'ஃபேட் 32' என்ற பழைய முறை. அதில் ஒரே கோப்பு 4 ஜி.பி.க்கு மேல் போக முடியாது. எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் சரி. 4 ஜி.பி. என்பது இந்த வீடியோவில் ஏறக்குறைய 19 நிமிஷம். 'என்.டி.எஃப்.எஸ்.' அல்லது 'எக்ஸ்ஃபேட்' முறையில் உள்ள வட்டில் இந்தத் தொந்தரவு இல்லை. அதைவிட நல்லது, முதலில் கம்ப்யூட்டரின் சொந்த வட்டிலேயே பதிந்துவிட்டுப் பிறகு வெளியே நகல் எடுப்பது. பென் டிரைவ் மெதுவாக எழுதினால் நடுவே படங்கள் விட்டுப்போகும். எத்தனை விட்டுப்போயின என்று புரோகிராமே எண்ணிக்காட்டும். அந்த எண் சைபராகவே இருக்கவேண்டும்.

இரண்டாவது நாள் இன்னொரு கஷ்டம். அரை மணி நேரம் யாரும் தொடாததால் கம்ப்யூட்டர் தானே தூங்கப்போய்விட்டது. அதன் தூக்கத்தை நிறுத்திவைக்க ஒரு செட்டிங் இருக்கிறது. அதைச் செய்தேன். மூன்றாவது நாள் கரண்ட் போயிற்று. இன்வர்ட்டர் ஒயரைக் கம்ப்யூட்டர் மேஜைக்கும் இழுக்கச் சொன்னேன். இப்படி ஒவ்வொன்றாகத் தீர்த்த பிறகுதான் கொடைக்கானல் முழுசாக வந்து சேர்ந்தது.

நான்காவது டேப் பையனின் காதுகுத்து. அதில் ஓர் அதிசயம். டிஜிட்டல் டேப்பில் படத்தோடு, எடுத்த தேதியும் நேரமும் கண்ணுக்குத் தெரியாமல் பதிவாகியிருக்கும். காமிராவில் கடிகாரம் சரியாக வைத்திருந்தால் போதும். வின்டிவி அதைப் படித்து, ஒவ்வொரு துண்டுக்கும் அந்தத் தேதியையே பெயராக வைத்துவிடுகிறது. கோப்பின் பெயர் 03-09-07 என்று வந்தது. அதாவது 2003 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. அவனுக்குக் காது குத்தியது 2004-இல் என்று என் கணவர் இருபது வருஷமாகச் சாதித்து வந்தார். அன்றோடு வாயை மூடிக்கொண்டார்.

அந்த டேப்பில் என் மாமனார் இருந்தார். 2012-இல் காலமானவர். ஆசாரி ஊசியை எடுத்ததும் பேரன் அலறுகிறான். தாத்தா அவனைவிடப் பெரிதாக அழுகிறமாதிரி பாவனை காட்டிச் சிரிக்கவைக்கிறார். அத்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக்காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். முடிந்ததும், "அந்தச் சட்டைக்கு ரெண்டாவது பொத்தான் நான் மாத்தித் தைச்சது. கலர் சேரலேன்னு அன்னிக்கெல்லாம் சொல்லிட்டே இருந்தாங்க" என்றார்கள். அப்புறம், "இன்னொரு தடவை போடு" என்றார்கள்.

எட்டு மில்லிமீட்டர்

ஆறு டேப்பும் முடிந்து, வீடியோ 8 பக்கம் வந்தேன். அண்ணன் தன் பழைய காமிராவைக் கொடுத்தனுப்பினார். காஸெட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு சுத்தமாக இருந்தன. அம்மாவுடையதில், கண்ணாடி ஜன்னல் வழியே தெரியும் நாடாச் சுருளின் ஓரத்தில், மாவு தூவினமாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஒரு காலத்தில் டேப்ரிக்கார்டர், வீடியோ டெக் ரிப்பேர் செய்தவர். எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"போட்டுட்டீங்களாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"இல்லீங்கய்யா."

"நல்ல காரியம் பண்ணீங்க. இது பூஞ்சை. இதைப் போட்டா நாடா ஒட்டிக்கிட்டுக் கிழியும். காமிரா ஹெட்டுல பூஞ்சை ஏறி, அடுத்துப் போடற டேப்புக்கும் தொத்தும்" என்றார்.

வற்றல் வடாம் பூத்தால் வெயிலில் போடுகிற பழக்கத்தில், "வெயில்ல வைக்கட்டுமா?" என்றேன். "கூடவே கூடாது. சூட்டுல நாடா சுருண்டுக்கும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அவர் செய்ததைச் சொல்கிறேன். முதலில், இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காஸெட்டை ஒரு வாரத்துக்கு மேல் வைத்தார். ஈரம் போனால் பூஞ்சை காய்ந்து பொடியாகிவிடும். பிறகு மொட்டைமாடி நிழலில், முகமூடி போட்டுக்கொண்டு, காஸெட்டின் குட்டித் திருகாணிகளைக் கழற்றினார். நார் உதிராத மெல்லிய துணியை நாடாவில் லேசாகப் பிடித்துக்கொண்டு, கையாலேயே மெள்ள மெள்ளச் சுற்றினார். தண்ணீர் படவில்லை. பிறகு சுருள்கள் இரண்டையும் சுத்தமான வேறொரு காஸெட்டின் கூட்டுக்குள் மாற்றி மூடினார். காமிராவின் உள்பக்கத்தையும் சுத்தம் செய்துகொடுத்தார். காதுக்குடையும் பஞ்சுக்குச்சியை அங்கே விடக்கூடாதாம். நார் சிக்கினால் ஹெட் போய்விடும். பழக்கம் இல்லாதவர்கள் இந்த வேலையில் இறங்கவேண்டாம் என்றும், ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்கள் பூஞ்சை டேப் அருகிலேயே போகவேண்டாம் என்றும் சொன்னார். கூலி எவ்வளவு என்றேன். "முதல்ல படம் வரட்டும்" என்றுவிட்டார்.

இந்த வகைக்கு ஃபயர்வயர் கிடையாது. காமிராவிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று முனை ஒயர் வரும். மஞ்சள் படம், வெள்ளையும் சிவப்பும் சத்தம். சில காமிராக்களில் சிவப்பு இருக்காது. இந்த முனைகளை 'வீடியோ கேப்சர்' என்கிற கைக்கடக்கமான கருவியில் சொருகி, அதன் யு.எஸ்.பி. முனையைக் கம்ப்யூட்டரில் போடவேண்டும். ஹை 8 மாதிரி காமிராவில் 'எஸ் வீடியோ' என்ற வட்டத்துளை இருந்தால், மஞ்சளுக்குப் பதில் அதை உபயோகிப்பது படத்துக்கு நல்லது. புரோகிராம், 'ஓ.பி.எஸ். ஸ்டூடியோ'. இதுவும் இலவசம். அதில் நம் ஊர் முறையான 'பால்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு விநாடிக்கு 25 படம். அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த காமிரா என்றால் 'என்.டி.எஸ்.ஸி.' என்று வைக்கவேண்டும். மாற்றி வைத்தால் படம் கறுப்பு வெள்ளையாகவோ, உருண்டுகொண்டோ வரும்.

முதலில் சுத்தமான இரண்டு டேப்புகளையும் போட்டேன். ஒன்றில், போகப்போக உதடு அசைவதற்கும் பேச்சுக்கும் பொருத்தம் இல்லாமல் போயிற்று. டேப்பில் ஒன்றும் பதியாத வெற்றிடங்களில் கருவி தடுமாறுவதால் வரும் கோளாறு அது. பத்துப் பதினைந்து நிமிஷத் துண்டுகளாக நிறுத்தி நிறுத்திப் பதிந்தபோது சரியாகிவிட்டது.

அன்றைய மத்தியானம்

கடைசியாக அம்மா டேப். சனிக்கிழமை. பெண்ணுக்கு லீவு. அத்தையும் வந்து உட்கார்ந்தார்கள். பெரியவரையும் அழைத்திருந்தேன். 'ஒரே தடவைதான் போடவேண்டும் என்று நினைத்துக்கொண்டு, பிளே அமுக்குவதற்கு முன்னாலேயே பதிவை ஆரம்பித்துவிடுங்கள்' என்று அவர் சொல்லியிருந்தார். பழைய டேப் இரண்டாம் முறை ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

முதல் ஆறு நிமிஷம் வெறும் வெள்ளைப் புள்ளிகள்தான். சத்தமும் 'கர்' என்று வந்தது. இந்த வகை டேப்பில், படத்தைப் படிக்கும் ஹெட்தான் சத்தத்தையும் படிக்கிறது. அது தடுமாறினால் இரண்டும் சேர்ந்து போகும். பெரியவர் நடுவில் நிறுத்தி, ஹெட்டைத் துடைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டார். புள்ளிகள் குறைந்தன. கோடுகள் நடுவே முசிறி பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டு முற்றம் தெரிந்தது. கோலம். மூன்று கல் அடுப்பு. மஞ்சள்கொத்து கட்டின பானை.

அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து அடுப்பை ஊதுகிறார்கள். அண்ணன் காமிராவோடு கிட்டே போகிறார். அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு முந்தானையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு, "ஏண்டா, என்னைப் போயி எடுத்து ஃபிலிமை வீணாக்கிட்டு? பொங்கப்போவுது பாரு, அதை எடு" என்கிறார்கள். அப்புறம் உள்பக்கம் பார்த்து, என் பெயரைச் சொல்லி, "அங்கென்ன இன்னும் கண்ணாடியைப் பார்த்துக்கிட்டு நிக்கறே? வெல்லத்தை எடுத்தா" என்று ஓர் அதட்டல்.

அவ்வளவுதான். அப்புறம் பானை பொங்குகிறது. எல்லாரும் கூவுகிற சத்தத்தில் அம்மா குரல் தனியாகக் கேட்கவில்லை. மொத்தம் 25 நிமிஷப் பதிவில், பார்க்கும்படியாக வந்தது 14 நிமிஷம். அம்மா பேசுவது அந்த இரண்டு வாக்கியங்கள் மட்டும்.

நான் ஒன்றும் பேசவில்லை. என் பெண்தான் என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, நீ என்னைக் காலையில திட்டுவியே, அப்படியே அதே குரல்" என்றாள்.

பெரியவர் கூலி வாங்கிக்கொள்ளவில்லை. அத்தை கொடுத்த பாயசத்தை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

பத்திரப்படுத்துவது

மாற்றுவதோடு வேலை முடிந்துவிடாது. பதிந்த அசல் கோப்பை அப்படியே வைத்திருங்கள். பெரிதாக இருக்கிறதே என்று அழித்துவிடாதீர்கள். உறவினர்களுக்குப் போனில் அனுப்ப, 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவசப் புரோகிராமால் சின்ன எம்.பி.4 நகல் ஒன்று செய்துகொள்ளலாம். பழைய வீடியோவில், ஆட்கள் அசையும்போது ஓரங்கள் சீப்புப் பல் மாதிரி பிரிந்து தெரியும். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாக, ஒன்றுவிட்டு ஒன்று கோடுகளாகப் பதிந்திருப்பதுதான் காரணம். எம்.பி.4 செய்யும்போது 'டீஇன்டர்லேஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது மறைந்துவிடும்.

நகல்கள் மூன்று இருக்கவேண்டும். ஒன்று வீட்டுக் கம்ப்யூட்டரில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில். எங்களுடைய மூன்றாவது நகல் அண்ணன் வீட்டில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கும் சாகக்கூடியதுதான். வருஷத்துக்கு ஒரு தடவை, போகி சமயத்தில், போட்டுப் பார்த்துவிடுவது என்று வைத்திருக்கிறேன்.

சில குறிப்புகள்

* முக்கியமான டேப்பை முதலில் போடாதீர்கள். கை பழகிய பிறகு போடுங்கள்.
* போடுவதற்கு முன் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பொடியோ, பூசண வாடையோ இருந்தால் தெரிந்தவரிடம் காட்டாமல் போடாதீர்கள்.
* வீடியோ 8 காஸெட்டிலும் அழியாமல் காக்கும் தாழ்ப்பாள் உண்டு. வி.எச்.எஸ். காஸெட்டில் முதுகுப்பக்க ஓரத்துப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட வேண்டும்.
* டிஜிட்டல் டேப்பில் படம் கட்டம் கட்டமாகச் சிதறினால், டேப் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அநேகமாக ஹெட்டில் அழுக்கு. அதற்கென்று விற்கும் உலர்ந்த கிளீனிங் காஸெட்டைச் சில விநாடி மட்டும் ஓட்டுங்கள். அதிகம் ஓட்டினால் ஹெட் தேயும்.
* வீடியோ 8 காமிரா கெட்டுப்போயிருந்தால், உறவினர் யாரிடமாவது 1999-க்குப் பின் வந்த 'டிஜிட்டல் 8' காமிரா இருக்கிறதா என்று கேளுங்கள். அவற்றில் சில மாடல்கள் பழைய வீடியோ 8 டேப்பையும் ஓட்டி, ஃபயர்வயர் வழியாகவே அனுப்பிவிடும்.
* காஸெட்டுகளைச் சுற்றி முடித்து, உறையில் போட்டு, நெட்டுக்குத்தாக நிறுத்திவையுங்கள். சூடான பரண், ஈரச்சுவர், ஸ்பீக்கர் பக்கம், மூன்றும் ஆகாது.
* ஒவ்வொரு கோப்பிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இன்றைக்கு அடையாளம் சொல்லப் பெரியவர்கள் இருக்கிறார்கள்.
* மாற்றி முடித்த பிறகும் காஸெட்டை எறியாதீர்கள்.

எனக்குச் செலவானது கார்டு, கேப்சர் கருவி, ஹார்ட் டிஸ்க், அந்த ஏமாந்த 300 ரூபாய் ஒயர் எல்லாம் சேர்த்து, ஒரு சுமாரான பட்டுப்புடவை விலைகூட ஆகவில்லை. செருப்புப் பெட்டி மறுபடியும் பரணுக்குப் போகவில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு எவர்சில்வர் டப்பாவில், பூஜை அலமாரியின் அடித்தட்டிலேயே இருக்கிறது. இந்தப் பொங்கலுக்கு என் பெண் போனைத் தூக்கிக்கொண்டு அடுப்பருகே வந்து என்னைப் படம் எடுத்தாள். "என்னை எதுக்குடி எடுக்கறே, பானையை எடு" என்று வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, அவள் எடுத்து முடிக்கும்வரை பேசாமல் நின்றேன்.

"பேசும்மா, ஏதாவது பேசு" என்றாள்.

பேசினேன்.